என்னை இரைச்சல் என்று சொன்ன போன்

மேடையில் என் இடம் எது என்பதில் எனக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. நடுவில் பாடகர். ஒரு பக்கம் வயலின், மறு பக்கம் மிருதங்கம். பாடகரின் முதுகுக்கும் பின்னால் தொங்கும் திரைச்சீலைக்கும் நடுவே, ஒடுங்கி உட்கார்ந்தால் ஓர் ஆளுக்கு இடம் மிஞ்சும். அங்கேதான் நான். மோர்சிங் வாசிக்கிறவன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற இரும்பு வளையம், அதன் நடுவில் ஒரு மெல்லிய நாக்கு, அவ்வளவுதான் என் வாத்தியம். முன்பற்களோடு சேர்த்துப் பிடித்து, ஆள்காட்டி விரலால் நாக்கை மீட்ட வேண்டும். மிருதங்கம் வாசிப்பதை நான் வாய்க்குள்ளேயே சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டு மீட்டினால், அந்தச் சொல் இரும்பில் ஏறிக்கொள்ளும். கேட்கிறவர்களுக்கு 'டொய்ங் டொய்ங்' என்று கேட்கும். எனக்கு அதில் தகதிமி தகஜுணு எல்லாம் பிட்டுப் பிட்டுக் கேட்கும்.

கச்சேரியின் பிற்பாதியில் தாள வாத்தியக்காரர்களுக்கென்று கொஞ்ச நேரம் ஒதுக்குவார்கள். தனி ஆவர்த்தனம் என்று பெயர். பாடகர் எங்கள் பக்கம் திரும்பிக் கையைக் காட்டியதும் சபையே எழுந்துவிடும். மரியாதைக்காக என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கேண்டீனுக்குப் போவதற்காக. வடை சூடாக இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும் என்றால் தனி ஆரம்பிக்கும்போதே கிளம்பினால்தான் உண்டு என்பது மயிலாப்பூரிலிருந்து தி.நகர் வரை எழுதாத சட்டம். சென்னை ரசிகர்களின் முகத்தைவிட முதுகு எனக்கு நன்றாகப் பழக்கம். கோயிலில் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்து, ஓ, இவர் கீரை வடைக்காரர் ஆயிற்றே என்று கண்டுபிடித்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட எனக்குப் போன வருஷம் ஓர் ஆசை வந்தது. ஆசையென்ன, வெறி என்றே சொல்லலாம். என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அவளுக்கு ஒரு பெண் குழந்தை. பேசத் தொடங்கிவிட்ட அந்தக் குழந்தையை நான் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. பிரசவத்துக்கு என் மனைவி மட்டும் போய் வந்தாள். அப்போது மாப்பிள்ளை எனக்கும் சேர்த்து டிக்கெட் போடுகிறேன் என்றுதான் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். "நான் வித்வான். வாசிச்சு, அவா கூப்பிட்டு, அவா டிக்கெட்ல வரேன். மாப்பிள்ளை காசுல வந்து நிக்க மாட்டேன்" என்று அபிராமபுரம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை. வருஷம்தான் ஓடியது.

அந்தச் சமயத்தில்தான் நான் பல காலமாக வாசித்துவரும் பாடகி போன் செய்தாள். அசோக் நகரில் இருக்கிறாள். என்னைவிடச் சின்னவள், மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"மாமா, அமெரிக்கா டூர் வந்திருக்கு. உங்க பொண்ணு இருக்கற ஊர்லயும் ஒரு கச்சேரி. வயலினும் மிருதங்கமும் முடிவாயிடுத்து. இன்னும் ஒருத்தருக்குத்தான் டிக்கெட்டாம். கடமா, மோர்சிங்கான்னு அந்த ஊர் சபாக்காரா வீடியோ பார்த்துட்டுச் சொல்றாளாம். நீங்க வாசிக்கறது தெளிவாத் தெரியற மாதிரி ஒண்ணு எடுத்து அனுப்புங்கோ."

போனை வைத்துவிட்டு உள்ளே போய்க் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேன். பேத்தியைத் தூக்கப் போகிறவனின் முகம் அதில் தெரிந்தது. ஆனால் என் பழைய போனில் எடுத்த படங்களில் யார் முகமும் தெரியாது. கேமரா மேல் கீறல் விழுந்து, எடுத்ததெல்லாம் கற்பூரப் புகைக்குள் எடுத்தது போலவே வரும்.

விஷயம் மகள் காதுக்குப் போய், மாப்பிள்ளை காதுக்குப் போய், அவருடைய நண்பர் ஒருவர் சென்னை வரும்போது ஒரு போனைக் கொடுத்தனுப்பிவிட்டார். இருப்பதிலேயே உசத்தி, இருப்பதிலேயே பெரிய திரை. வாங்கிக்கொள்ளலாமா என்று நான் அரைமணி நேரம் யோசித்தேன். பிறகு, இது தொழிலுக்கான கருவி, டிக்கெட் வேறு, கருவி வேறு என்று தீர்ப்புச் சொன்னேன். என் மனைவி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, "ஆமாமா, டிக்கெட்டுன்னா மானம் போகும். போனுன்னா போகாது" என்றாள். அவள் அப்படித்தான். கத்தி காயில் இருக்கும், வெட்டு வேறெங்கோ விழும்.

நண்பரின் வீடு கொட்டிவாக்கத்தில். போய் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் திரும்பினேன். போன் ஜிப்பாப் பையில் நுழையவில்லை. வேட்டி மடிப்பில் செருகினால் வேட்டி நிற்காது. கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடையாறு பாலத்தில் ஆட்டோ நின்றபோது டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், வூட்டு டிவிய கழட்டிகினு வந்துட்டியா? எம்மாம் பெருசா கீது!"

"மாப்பிள்ளை கொடுத்தார்" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான், ஏன் சொன்னோம் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

சும்மா சொல்லக்கூடாது, போன் பிரமாதம். திரை அவ்வளவு பெரிசாக இருப்பதால் மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டியதில்லை. அணைத்து வைத்தால் என் மனைவி அதில் பொட்டைச் சரிசெய்துகொள்வாள். அதன் இடுப்பிலிருந்து ஒரு பேனா வெளியே வரும், மையில்லாத பேனா. ஜன்னலிலிருந்து கேமராவைப் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தால் தெருக்கோடி இஸ்திரி வண்டியில் யார் வீட்டுப் புடவை கிடக்கிறது என்பதுவரை கிட்டத்தில் வந்துவிடும். இந்த வசதியால் எங்கள் வீட்டில் ஒரு வாரம் சமையல் தாமதமானது. மகள் அங்கிருந்தபடியே சொல்லிக் கொடுத்து எல்லாவற்றையும் தமிழுக்கு மாற்ற வைத்தாள். எதன் படத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டாலும் அது என்னவென்று போன் சொல்லும் என்றாள். பூந்தொட்டியைச் சுற்றிப் போட்டேன், சொன்னது. மனைவியின் மூக்குத்தியைச் சுற்றிப் போட்டேன், அதையும் சொன்னது. என் மோர்சிங்கைப் படமெடுத்து வட்டம் போட்டேன். 'பாட்டில் திறப்பான்' என்றது.

நான் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தேன். என் மனைவி சிரித்த சிரிப்பில் குக்கர் விசில் கேட்கவில்லை.

போதாக்குறைக்குப் புகைப்படம். ஒரு கச்சேரியில் போனைப் பாடகியின் தங்கையிடம் கொடுத்து எடுக்கச் சொன்னேன். பாடகியின் தோட்டுக் கல் பளிச்சென்று எண்ணிவிடலாம் போலத் தெரிந்தது. பின்னால் நான் பஞ்சுப்பொதியாக இருந்தேன். பின்னணியை அழகாக மங்க வைக்கும் வசதியாம். அது மட்டுமில்லை. படத்தில் வேண்டாததை அழிக்கும் வசதி ஒன்றும் இருந்தது. அதைத் தொட்டால், எதையெல்லாம் அழிக்கலாம் என்று போனே யோசனை சொல்லும். ஒரு தண்ணீர் பாட்டிலைச் சுற்றிக் கோடு போட்டது. தரையில் கிடந்த ஒயரைச் சுற்றிப் போட்டது. மூன்றாவதாக என்னைச் சுற்றிப் போட்டது.

"ஏன்னா, வந்து பாருங்கோ. உங்களையும் குப்பைல சேத்துடுத்து" என்று கூப்பிட்டாள் என் மனைவி. போய்ப் பார்த்தேன். என் குடுமிகூட விடாமல் சுத்தமாகக் கோடு போட்டிருந்தது. வெட்கமில்லாத சாமான்!

இருந்தாலும் வீடியோ முக்கியமாயிற்றே. தி.நகரில் ஒரு சின்ன சபாவில் அந்தப் பாடகியின் கச்சேரி அமைந்தது. பாடகியிடமும் மிருதங்கக்காரரிடமும் விஷயத்தைச் சொல்லிவைத்தேன். மிருதங்கக்காரர் நல்ல மனுஷர். "தனில உங்களுக்கு நிறைய விட்டுக் குடுக்கறேன், அசத்துங்கோ" என்றார். என் மனைவி இரண்டாவது வரிசையில் போனைத் தாங்கி ஒன்றில் மாட்டி, என் மேல் குறிவைத்து உட்கார்ந்தாள்.

அன்று நன்றாக வாசித்தேன். நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப் போகிறார்கள்! மிருதங்கக்காரர் சொன்னபடி ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டார். அவர் மிருதங்கத்தில் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதிலை இழைத்து இழைத்துக் கொடுத்தேன். சபை வழக்கம்போல எழுந்து போனது. நாற்காலிகள் தடதடவென்று மடங்கின. கேண்டீனில் தட்டுச் சத்தம். வெளியே உஸ்மான் ரோட்டில் உள்ள அத்தனை ஹாரனும் என் தனிக்கென்றே காத்திருந்தது போல அடித்தது. பேத்தியை மடியில் வைத்துக்கொள்வதை நினைத்துக்கொண்டே தனியை நிறைவுசெய்யும் தீர்மானத்தை வாசித்து முடித்தேன். மிச்சமிருந்த பத்துப் பதினைந்து பேர் கைதட்டினார்கள்.

மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் கூடவே அந்த நாற்காலி, தட்டு, ஹாரன், யாரோ ஒருவர் "காபி இருக்கான்னு கேளுடி" என்று கத்தியது, எல்லாம் இருந்தது. இதை அனுப்பினால் அமெரிக்காக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? மகளைக் கேட்டேன். "அதுக்கும் அதுலயே வசதி இருக்குப்பா. வேண்டாத சத்தத்தை மட்டும் எடுத்துடும்" என்று வழி சொன்னாள்.

திறந்தால் வரிசையாகக் கோடுகள் வந்தன. குரல், இசை, காற்று, கூட்டம், இரைச்சல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. எதை வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம். எனக்கு எதில் சந்தேகம்? கூட்டத்தை அடியோடு குறைத்தேன். இரைச்சலை அடியோடு குறைத்தேன். எத்தனை வருஷக் கோபம்! அந்த விரல் இழுப்பில் ஒரு சுகம் இருந்ததை மறைக்கமாட்டேன். சென்னை ரசிகர்கள் அத்தனை பேரையும் வாயை மூட வைத்த திருப்தி.

பிறகு முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். நாற்காலி இல்லை, தட்டு இல்லை, ஹாரன் இல்லை. மிருதங்கம் மணி மாதிரி கேட்டது. நான் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, திரையில் என் விரலைப் பார்த்துக்கொண்டு, கண் கலங்க முழுவதையும் ரசித்தேன். எங்கேயும் ஒரு சொல் பிசகவில்லை. "ஆகா, ஆகா" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னும் இரண்டு தடவை போட்டு ரசித்துவிட்டு அனுப்பிவிட்டேன்.

நான்கைந்து நாள் கழித்துப் பாடகி போன் செய்தாள். குரல் சரியில்லை.

"மாமா, அந்த வீடியோவைப் பார்த்துட்டுத்தான் அனுப்பினேளா?"

"பார்க்காம அனுப்புவேனா? மூணு தடவை பார்த்தேன்."

"அதுல உங்க வாசிப்பு இல்லையே மாமா."

"என்னம்மா சொல்றே? முழுக்க நான்தானே இருக்கேன்!"

"நீங்க இருக்கேள். சத்தம் இல்ல. மிருதங்கம் மட்டும்தான் கேக்கறது. நடுநடுவுல அவர் நிறுத்தறார், ஒண்ணுமே கேக்கலை, திரும்ப வாசிக்கறார்." கொஞ்சம் தயங்கினாள். "சபாக்காரா என்னைக் கேட்டா. பின்னாடி ஒருத்தர் வாயைப் பிடிச்சிண்டு உட்கார்ந்திருக்காரே, பல்வலியான்னு."

அவள் மேலும் சொன்னாள். கடம் வாசிப்பவருக்கு டிக்கெட் முடிவாகிவிட்டதாம். விசாவுக்குப் பேர் கொடுத்தாகிவிட்டதாம். இவள் வேறு வீடியோ தருகிறேன் என்று கெஞ்சியும் பார்த்தாளாம். "மன்னிச்சுக்கோங்கோ மாமா" என்றாள். அவள் என்ன செய்தாள், பாவம்!

என் மனைவியைக் கூப்பிட்டு வீடியோவைப் போட்டுக் காட்டினேன். "நன்னாத்தானே கேக்கறது?" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "ஏன்னா, வாயைத் திறங்கோ" என்றாள்.

"என்னத்துக்கு?"

"திறந்து வெச்சிண்டு, நாக்கை அசைக்காம கேளுங்கோ."

வாயைத் திறந்தபடி கேட்டேன். மிருதங்கம் நின்றது. திரையில் என் விரல் பறந்தது. சத்தம் என்று ஒன்று துளிகூட இல்லை. மூன்று தடவை நான் கேட்டு ரசித்ததெல்லாம் வீடியோவில் இருந்ததே இல்லை, என் வாய்க்குள் இருந்தது. விரலைப் பார்த்ததும் நாக்கு தானாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டிருக்கிறது. இத்தனை வருஷப் பழக்கம், சும்மா இருக்குமா? வேறு யாராக இருந்தாலும் முதல் நிமிஷத்திலேயே கண்டுபிடித்திருப்பார்கள். மோர்சிங்காரனுக்குத்தான் மோர்சிங் இல்லை என்பது தெரியாது.

இசை என்கிற கோட்டில் மிருதங்கத்தைச் சேர்த்துக்கொண்ட போன், என்னைக் கூட்டத்தோடும் ஹாரனோடும் இரைச்சலில் தள்ளியிருக்கிறது. அட கடங்காரா! சபாவில் உள்ளவர்களாவது எழுந்து போனார்கள். இது என்னை எழுப்பி அனுப்பிவிட்டது. அன்று ராத்திரி சாப்பிடவில்லை. கோபம் என்று வீட்டில் சொன்னேன். அழுகை அது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வழக்கம்போல வீடியோவில் வந்தாள். டூர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால் மழையைப் பற்றியும் மாவடுவைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தாள். பழைய போனில் எப்போதாவது பேத்திக்கு வாசித்துக் காட்டியதுண்டு; புதுப் போன் வந்ததிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் வாசித்துக் காட்டுவது வழக்கம். அன்று மோர்சிங்கை எடுக்கவில்லை. எடுக்கப் பிடிக்கவில்லை.

பேத்தி திரைக்குக் கிட்டே வந்தாள். "தாத்தா!" என்றாள். பிறகு இடது கையை மடக்கி வாயில் வைத்துக்கொண்டாள். வலது கை விரலால் வேகமாகக் காற்றில் தட்டினாள். தலையை என்னை மாதிரியே ஆட்டினாள், கடைசியில் என்னை மாதிரியே கண்ணை மூடித் திறந்தாள். அச்சு அசல் நான். ஆனால் ஒரு சத்தமும் போடவில்லை. குழந்தைகள் எதை நடித்துக் காட்டினாலும் சத்தத்தோடுதானே காட்டும்? நாய் என்றால் குரைக்கும், ரயில் என்றால் கூவும்.

"ஏன்டி, இவ சத்தமே போடாம வாசிக்கறா?" என்று மகளைக் கேட்டேன்.

அவள் குழந்தையின் தலையைக் கோதிக்கொண்டு நின்றாள். "அப்பா" என்றாள் மெதுவாக. "நீங்க வாசிக்கறது இங்க கேக்கவே கேக்காதுப்பா. பழைய போன்ல அங்கங்க கொஞ்சம் வரும். இதுல சுத்தமா வரதில்ல. போனோ இந்த வீடியோ காலோ, எதுவோ ஒண்ணு அதை எடுத்துடறது. சொன்னா நீங்க வருத்தப்படுவேளேன்னு…"

ஞாயிறு தவறாமல் வாசித்திருக்கிறேன். அவர்களும் ஞாயிறு தவறாமல் கைதட்டியிருக்கிறார்கள். என் பேத்தியைப் பொறுத்தவரை தாத்தா என்பவர் வாயில் கையை வைத்துக்கொண்டு ஒன்றுமே செய்யாத மனுஷர். அதையும் மெனக்கெட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

என் மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். முதல் தடவையாக ஒன்றும் சொல்லவில்லை. நான், "மாப்பிள்ளை ஆத்துல இருக்காரா?" என்று மகளைக் கேட்டேன்.

"இருக்கார்ப்பா. ஏன்?"

"அவரைக் கூப்பிடு. டிக்கெட் போடச் சொல்லணும்."

கிளம்பும்போது விமான நிலையத்தில் பையை நிறுத்திவிட்டார்கள். சோதனை செய்கிற பெண் மோர்சிங்கை வெளியே எடுத்து, "இது என்ன சார்?" என்று கேட்டாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது. வாத்தியம், அதன் வரலாறு, வாய்க்குள் சொல்லும் சொல் என்று விளக்குவதற்கெல்லாம் நேரமில்லை. "பாட்டில் திறப்பான்மா" என்றேன். விட்டுவிட்டாள். போன் சொன்னதில் அந்த ஒன்று மட்டும் உபயோகப்பட்டது.

போய்ச் சேர்ந்த மறுநாள், மகள் வீட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்தேன். பேத்தி எதிரே வந்து சப்பணமிட்டாள். எனக்கு நேர் எதிரில், நடுவில் யார் முதுகும் இல்லாமல் ஒருவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பற்களில் வைத்து மீட்டினேன்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வாயைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். எழுந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். நான் விடாமல் வாசித்தேன். நின்று கேட்டவள், சட்டென்று திரும்பிச் சமையலறைப் பக்கம் ஓடிவிட்டாள்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என்ன இருந்தாலும் மயிலாப்பூர் ரத்தம், தனி ஆரம்பித்தால் கால் கேண்டீனுக்குத்தானே போகும்! குனிந்த தலை நிமிராமல் வாசித்துக்கொண்டிருந்தேன். பழக்கம்தானே.

காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். பேத்தி தன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். மகளின் இன்னொரு கையில் தோசைத் திருப்பி. அவளை என் எதிரில் பிடித்து உட்கார்த்திவிட்டு, "அம்மா, தாத்தா சத்தம்!" என்றாள்.

என் தனியில் எழுந்து போனவர்கள் எத்தனையோ பேர். போய், இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தவர் யாரும் கிடையாது. தாளம் தப்பியது. தப்பினால் தப்பட்டும் என்று வாசித்தேன்.